பேண்டு வாத்தியம் ஏன் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை?

சற்று நீண்ட பதிவு. இசை வரலாற்றிலும் சமூக வரலாற்றிலும் ஈடுபாடுள்ள மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

'ஹிபிகே! யூஃபோனியம்' என்னும் ஜப்பானிய அனிமே தொடரை அண்மையில் முழுமையாகப் பார்த்து முடித்தேன். தகேதா அயானோ எழுதி 2013 முதல் வெளிவந்த நாவல் வரிசையைத் தழுவிக் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2015, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று பருவங்களாக வெளியிட்ட தொடர் அது. கியோட்டோ மாகாணத்து ஊஜி நகரில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு மேல்நிலைப் பள்ளியின் பேண்டு இசைக்குழுவே அதன் கதைக்களம். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கருவிகளை எடுக்கின்றனர், சுருதி சேர்க்கின்றனர், ஒரே இசைத்துணுக்கை மாலை முழுதும் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். கதையில் பெரிய திருப்பம் என்பது ஒருவருக்குத் தனிவாசிப்பு கிடைப்பதும் மற்றொருவருக்குக் கிடைக்காமற்போவதுமே.

கதையின் நாயகி ஓமாயே குமிக்கோ வாசிப்பது யூஃபோனியம். டியூபாவைவிடச் சிறியதாய், மடியில் அணைத்து வைத்து ஊதும் பித்தளைக் கருவி அது. குழுவின் நடுக்குரல் என்று அதனைச் சொல்லலாம். டிரம்பெட்டைப் போல அது முன்னே வந்து நிற்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் மொத்த ஒலியும் மெலிந்துவிடும்.

அந்தக் கருவியை நான் முதன்முதலில் கண்டது ஜப்பானியத் தொடரில் அன்று. சித்தூரிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் உள்ள கங்காதர நெல்லூரில், ஒரு முகூர்த்த நாளின் மாலை ஊர்வலத்தில் கண்டேன். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. தமிழர் நாதஸ்வரம் என்பதைத் தெலுங்கர் சன்னாயி என்பர். 'பேண்டு' மட்டும் இரு மொழிக்கும் பொதுச்சொல். சிவப்புச் சட்டையும் பொன்னிறச் சரிகைத் தோள்பட்டையும் அணிந்த ஒருவர், நசுங்கி நிறம் மங்கிய யூஃபோனியத்தைத் தோளோடு சேர்த்துப் பிடித்து ஊதிக்கொண்டு போனார். அவர் முகத்தை எவரும் பார்க்கவில்லை; அன்று நானும் பார்க்கவில்லை.

ஒரே கருவி ஊஜியில் பள்ளி மாணவியின் மடியிலும், கங்காதர நெல்லூரில் ஊர்வலத்தின் ஓரத்திலும் இருக்கிறது. இந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதே இப்பதிவின் கேள்வி.

1

தொடரின் முதற்பருவத்தில் இடம்பெறும் ஒரு நிகழ்வை முதலில் சொல்ல வேண்டும். தொடர் காட்டும் போட்டி விதிப்படி மேடையேறக்கூடியவர் 55 பேர். வாசிப்புக்கு உரிய நேரம் 12 நிமிடம். ஆகவே குழுவுக்குள்ளேயே தேர்வு நடைபெறுகிறது. டிரம்பெட் தனிவாசிப்புக்கு முதலாமாண்டு மாணவி ரெய்னா தேர்வாகிறாள். இறுதியாண்டில் பயிலும், எல்லாருடைய அன்புக்கும் உரிய கவோரிக்கு அது கிடைக்கவில்லை. மூத்தவருக்கு உரியது பறிபோனதென்று குழுவில் முணுமுணுப்பு எழுகிறது. ஆசிரியர் தக்கி, அனைவர் முன்னிலையிலும் இருவரையும் மீண்டும் வாசிக்கச் செய்கிறார். இருவரும் வாசித்து முடித்தபின் கைதட்டித் தீர்ப்பளிக்குமாறு கேட்கிறார். ஒருசிலர் தவிர எவரும் கைதட்டவில்லை. இறுதியில் அவர் கவோரியிடமே கேட்கிறார். தனிவாசிப்பு ரெய்னாவுக்கு உரியது என்று கவோரியே சொல்லிவிடுகிறாள்.

மூன்றாம் பருவத்தில் இதே கேள்வி நாயகியையே வந்து தாக்குகிறது. இம்முறை வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் தேர்வு நடக்கிறது. குழுத்தலைவியான குமிக்கோ தோற்றுப்போகிறாள்.

வாசிப்பவர் யார், எவ்வளவு மூத்தவர், எவ்வளவு வேண்டியவர் என்பதையெல்லாம் விலக்கி ஒலியை மட்டும் கேட்க முடியுமா என்பதே தொடரின் அடிநாதம். ஜப்பானியப் பள்ளியின் மூத்தோர்–இளையோர் ஒழுங்குக்குள் வைத்து இக்கேள்வி எழுப்பப்படுகிறது. நம் இசை வரலாற்றில் இக்கேள்விக்கு இன்னும் கூர்மையான வடிவம் உண்டு. யார் எந்தக் கருவியைத் தொடலாம் என்பதை நம்மிடையே பல நூற்றாண்டுகளாகப் பிறப்பே தீர்மானித்து வந்துள்ளது.

2

ஜப்பானில் பள்ளி பேண்டு பழைமையான மரபு என்று தொடரைப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். அது மிக அண்மைய மரபே. 1869இல் யோக்கோஹாமாவில் தங்கியிருந்த பிரித்தானியப் படைப்பிரிவின் பேண்டு மாஸ்டர் ஜான் வில்லியம் ஃபென்டனிடம் சத்சுமா பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ 30 இளைஞர்கள் பயிற்சிக்கு வந்தனர். லண்டனிலிருந்து கருவிகள் வந்து சேர்ந்தது 1870இல். ஜப்பானின் முதல் ராணுவ பேண்டு இவ்வாறு உருவாயிற்று.

அதே ஃபென்டன் 'கிமிகயோ' என்னும் பழம்பாடலுக்கு ஒரு மெட்டமைத்தார். அந்த மெட்டு நிலைக்கவில்லை. 1880இல் அரண்மனை இசைக்கலைஞர் மரபிலிருந்து புதிய மெட்டு பிறந்தது. அதற்கு ஒத்திசை அமைத்தவர் ஃபிரான்ஸ் எக்கர்ட் என்னும் ஜெர்மானிய பேண்டு மாஸ்டர். இன்று ஜப்பானிய தேசிய கீதமாக ஒலிப்பது அதுதான்.

ராணுவத்திலிருந்து பள்ளிக்கு இசை சென்ற வழியைக் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாட்டை ஒரு பாடமாகப் பட்டியலிட்டது. கற்பிக்க ஆளில்லாமையால் தற்போதைக்கு விலக்கு என்றும் குறித்தது. 1879இல் இசை ஆய்வுக்கென்று அரசு ஒரு குழுவை அமைத்தது. இசாவா ஷுஜி அதன் பொறுப்பாளர். 1880இல் பாஸ்டனிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் அழைக்கப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளுக்கான பாடல் தொகுதிகள் மூன்று வெளிவந்தன. 1887இல் தோக்கியோ இசைப்பள்ளி நிறுவப்பட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் ஒரே சுரக்குறிப்பைப் படிக்க வேண்டும் என்பது அரசின் முடிவு. பள்ளி பேண்டுகள் அந்த அடித்தளத்தின்மீது எழுந்தன. 1940இல் அனைத்து ஜப்பான் பேண்டுப் போட்டி தொடங்கியது; போரால் தடைபட்டு, 1956இல் மீண்டும் உயிர்பெற்றது. குமிக்கோவின் பள்ளி வெல்லத் துடிக்கும் போட்டி இதுவே.

இதனைப் பொற்காலக் கதையாகப் படிக்கக் கூடாது. அந்த வகுப்பறை பேரரசுக்கு விசுவாசமான குடிமக்களை வார்க்கும் பட்டறையாகவும் இருந்தது. முதல் போட்டி நடந்ததே போர்க்காலச் சூழலில். தவிரவும், ஜப்பானிலும் தெருவில் பேண்டு உண்டு. விளம்பரத்துக்காகக் கிளாரிநெட்டும் மேளமுமாய்ச் செல்லும் 'சின்தோன்யா' வாசிப்பாளர்கள் நெடுங்காலம் தாழ்வாகவே பார்க்கப்பட்டனர். ஆனால் அங்கே தெருவுக்கு இணையாகப் பள்ளிக்கும் ஒரு பாதை திறந்திருந்தது.

3

நமக்கு வருவோம். மேலை பேண்டு இசை நம்மை வந்தடைந்தது யோக்கோஹாமாவுக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் முன்னரே.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமசுவாமி தீட்சிதர் குடும்பம் மதராசுக்கு அருகே மணலியில், அங்கிருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்று ஆங்கிலேயரின் பேண்டு வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பு அவர் மக்களுக்குக் கிடைத்தது. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். 'நோட்டுசுர சாகித்தியம்' என்று வழங்கும் அப்பாடல்கள் ஏறத்தாழ 40. பிரித்தானிய அரசகீதத்தின் மெட்டில் அமைந்த பாடலும் அவற்றுள் ஒன்று. இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் அரசவையில் அமர்ந்தார்.

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடிய தலமாக மரபு சொல்லும் திருத்தணி, 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைச் சீரமைப்பின்போதுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. கங்காதர நெல்லூருக்கு அடுத்துள்ள கார்வேட்டிநகரமோ சாரங்கபாணியின் பதங்களுக்கும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களுக்கும் பிறப்பிடம். இசை வரலாற்றில் இப்பகுதியை ஓர் ஓரமென்று கருதுவது பிற்காலத்து மாநில எல்லைகள் நமக்குக் கற்பித்த பிழை.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் ஆட்சி 1798 முதல் 1832 வரை. அவர் அரண்மனையில் மேலை இசைக்குழு இருந்தது. அக்குழுவுக்குரிய சுரக்குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஆக, ஃபென்டன் பிறப்பதற்கு முன்பே காவிரிக் கரையில் ஒருவர் சுரத்தாளை முன்வைத்துக் கிளாரிநெட் வாசித்திருக்கிறார்.

இத்தனை முன்னதாகத் தொடங்கிய நாம் எங்கே திரும்பினோம்?

4

தென்னிந்திய இசை, மேலைக் கருவிகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. வயலின் அவற்றுள் முதன்மையானது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை நம் கமகத்துக்கு இசைய வளைத்தனர். சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கிளாரிநெட்டைச் சதிர் மேளத்துக்குக் கொண்டுவந்தவராகத் தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனாரைச் சொல்வர். அவ்வழியின் நீட்சியாக ஏ.கே.சி. நடராசன் கிளாரிநெட்டில் முழுக் கச்சேரி வாசித்து, 2008இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். கத்ரி கோபால்நாத் சாக்சபோனை ஏற்றுக்கொண்டதற்குத் தூண்டுதல் மைசூர் அரண்மனை பேண்டில் அதனைக் கேட்டதே.

இவர்கள் அனைவரும் தனியாளாக ஒரு கருவியை எடுத்துத் தம் மரபுக்குள் கொண்டுவந்தவர்கள். கருவி தான் வந்த குழுவிலிருந்து பிரிந்து, கச்சேரி மேடையின் நடுவிலோ பக்கத்திலோ அமர்ந்தது. ஐம்பது பேர் ஒருங்கே அமர்ந்து, தத்தமக்குரிய பகுதியை வாசித்து, ஒரே இசையை எழுப்பும் அமைப்பு நம் செவ்வியல் மேடைக்குள் வரவில்லை.

இதற்கு இசையியல் சார்ந்த காரணங்கள் உண்டு. அவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கமகம் தாளில் முழுமையாக அடங்காது. மனோதர்மம் தனிமனிதரின் கற்பனையை நம்புவது. பல கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒத்திசை நம் இராக முறைக்கு அயலானது. ஆயினும் இவை தாண்டவியலாத சுவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. மைசூர் அரண்மனையில் ஆங்கில பேண்டு, கர்நாடக பேண்டு என இரண்டு இருந்தன. கர்நாடக பேண்டு மேலைக் கருவிகளில் கீர்த்தனைகளைக் கூட்டாக வாசித்தது. அரசு மறைந்தபின் அது காவல்துறையின் பேண்டாகத் தொடர்ந்தது. மைசூர்த் தசராவில் இன்றும் அம்மரபைக் கேட்கலாம். சுரக்குறிப்பிலும் முயற்சி இல்லாமலில்லை. மதராஸ் செயலகத்தில் பணியாற்றிய ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேலைச் சுரக்குறிப்பில் எழுதி 1893இல் வெளியிடத் தொடங்கினார். அகில இந்திய வானொலி 1952இல் 'வாத்திய விருந்தா' என்னும் குழுவை அமைத்தபோது கர்நாடக இசைப் பகுதியை டி.கே. ஜெயராம ஐயர் நடத்தினார்.

எனவே முடியாமை என்பது முழுக் காரணமாகாது. அந்த முயற்சிகள் அரண்மனையிலும் வானொலி நிலையத்திலும் தொடங்கி அங்கேயே நின்றன; அவற்றைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் பாதையை எவரும் அமைக்கவில்லை. இசை குருவின் வீட்டிலோ குடும்பத்திலோ கற்கப்பட்டது. குடும்பத்தில் கற்கப்பட்டது என்பதன் பொருள், சாதிக்குள் கற்கப்பட்டது என்பதே. 1928இல் மியூசிக் அகாதமி நிறுவப்பட்ட காலத்தில் 'நம் இசை' எது என்னும் வரையறை உறுதிப்பட்டது. குரலை மையமாகக் கொண்ட கச்சேரியே அவ்வரையறையின் நடுவில் அமர்ந்தது. நாதஸ்வரக் கலைஞர்களேகூட அவ்வரையறைக்குள் தம் இடத்தைப் போராடித்தான் பெற்றனர். தெருவில் பித்தளைக் கருவி ஊதியவரின் பெயர் அவ்விவாதத்தில் எழவேயில்லை.

5

பேண்டு வாத்தியம் அதற்குள் வேறு வழியே ஊர்களுக்குள் நடந்துபோயிருந்தது. பாளையங்களிலிருந்தும் சிற்றரசுகளிலிருந்தும் வெளியேறிய வாத்தியக்காரர்கள், அவர்களிடம் கற்றவர்கள், மீரட்டில் மலிவாகச் செய்யப்பட்ட கருவிகள் ஆகியவை சேர்ந்து கல்யாண பேண்டு என்னும் தொழிலை உருவாக்கின. மீரட்டின் நாதிர் அலி நிறுவனம் 1885 முதல் இத்தொழிலில் உள்ளது. ராணுவச் சீருடையின் நிழல் அவர்கள் உடையில் இன்றும் படிந்துள்ளது.

இசையியலாளர் கிரிகரி பூத் 2005இல் வெளியிட்ட 'பிராஸ் பாஜா' என்னும் நூல் இவ்வுலகத்தை அகில இந்திய அளவில் ஆராய்கிறது. கல்யாண பேண்டுகளில் வாசிப்போர் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள், தலித்துகள், பிற்பட்ட சாதியினர். இறைச்சடங்கின் மங்கல இசைக்குச் சில சாதிகள், சாவின் பறைக்குச் சில சாதிகள் என்று ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த ஒழுங்குக்குள் புதிய கருவியும் வந்து பொருந்திக்கொண்டது. எச்சில் பட ஊதும் கருவி, தோல் போர்த்த கருவி ஆகியவை குறித்த தீட்டு எண்ணமும் இதில் பங்கு வகித்தது என்று கருதுகிறேன். வயலினைத் தொட்ட கைகள் டிரம்பெட்டைத் தொடாமைக்குக் கமகம் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது.

விளைவு என்ன? ஊரில் அதிகம் பேர் கேட்ட மேலை இசைக்கருவியை வாசித்தவர்கள், ஊரில் எவரும் இசைக்கலைஞர் என்று அழைக்காதவர்களாக ஆயினர். அவர்கள் சினிமாப் பாட்டு வாசித்தார்கள் என்பது அவர்களுக்கு எதிரான குற்றச்சாட்டாகச் சொல்லப்படும். கேட்டுக் கேட்டே ஒரு பாடலின் மெட்டு, எதிர்மெட்டு, தாளக்கட்டு ஆகியவற்றை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்து, நடந்துகொண்டே வாசிக்க வைக்கும் பேண்டு மாஸ்டரின் அறிவு என்ன வகையைச் சேர்ந்தது? இசையமைப்பு என்றுதான் அதற்குப் பெயர்.

6

இவ்விடத்தில் சித்தூர் மாவட்ட வரலாற்றின் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். 1919 பிப்ரவரி இறுதியில் இரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளியின் பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் தங்கினார். மதனப்பள்ளி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அன்று இருந்தது. கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ்; அவர் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்தில் முறையாக இசை பயின்று பட்டம் பெற்றவர். தாகூர் அங்கே 'ஜன கண மன' பாடலைப் பாடினார். மாணவர்கள் பல்லவியில் சேர்ந்துகொண்டனர். அதனை ஆங்கிலத்தில் அவர் மொழிபெயர்த்ததும் அங்கேயே. மெட்டை மார்கரெட் கசின்ஸ் சுரக்குறிப்பில் எழுதினார். கல்லூரி அப்பாடலைத் தன் காலைப் பாடலாக ஏற்றது.

இந்நிகழ்வை நாட்டுப்பற்றின் கதையாக நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். இசைக்கல்வியின் கதையாகச் சொன்னதில்லை. வெவ்வேறு குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள் ஒரு கூடத்தில் நின்று, ஒரே பாட்டை ஒரே சுருதியில் கற்று, நாள்தோறும் பாடியிருக்கின்றனர். தோக்கியோவில் இசாவா ஷுஜி அரசாணையால் செய்ததை ஒத்த ஒன்று, மதனப்பள்ளியில் ஒரு தற்செயலால் சிறு அளவில் நிகழ்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. விடுதலைக்குப்பின் எந்தப் பாடலைத் தேசிய கீதமாக ஏற்பது என்னும் கேள்வி எழுந்தது. 1948 ஆகஸ்ட் 25 அன்று நேரு அரசியல் நிர்ணய சபையில் அதுபற்றி அறிக்கை அளித்தார். தேசிய கீதத்துக்குச் சொற்களைவிட இசை முதன்மையானது. அது பேண்டுகளும் இசைக்குழுக்களும் வாசிக்க ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1947இல் ஐ.நா. பேரவைக் கூட்டத்தையொட்டி நியூயார்க்கில் 'ஜன கண மன'வின் இசை வாசிக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1950 ஜனவரி 24 அன்று அப்பாடல் தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது.

ஜப்பானின் கீதம் பேண்டு மாஸ்டர்கள் கையில் உருவெடுத்தது. நம் கீதம் தெரிவானதற்குரிய காரணங்களில் ஒன்று, பேண்டு அதனை நன்றாக வாசிக்க முடியும் என்பது. இரு நாடுகளும் தம்மை உலகுக்கு அறிவித்துக்கொள்ளப் பேண்டு தேவைப்பட்டது. ஒரு நாடு அதன்பின் அக்கருவிகளைத் தன் பள்ளிக் குழந்தைகளின் கையில் கொடுத்தது. மற்றொரு நாட்டின் பள்ளிக் குழந்தை நாள்தோறும் காலையில் கீதத்தைப் பாடுகிறது. அதனை வாசிக்கும் கருவியைக் கல்யாண ஊர்வலத்தில் மட்டும் காண்கிறது.

7

கூட்டாக வாசித்தல் நமக்கு இயல்பானதன்று என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதம் நிற்காது. 'பல்லியம்' என்னும் சொல் நம் பழந்தமிழில் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை கருவிகள் கூடி ஒலிக்கும் முறையை விரித்துரைக்கிறது. கோயில் பெரியமேளம் என்பதே ஒரு குழு: நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து. இவற்றுள் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடித்து நிற்பார். பெரும்பாலும் இளைய சீடருக்கே அவ்வேலை தரப்படும். யூஃபோனியத்தைப் போலவே எவர் கவனத்துக்கும் வராத, ஆனால் மொத்த இசையும் சாய்ந்து நிற்கும் தூண் அது. இன்று அந்த இடத்தில் மின் சுருதிப்பெட்டி இருக்கிறது.

சித்தூர் வட்டாரத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதக் கூத்து நிகழும் இரவுகளில் ஆர்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை ஆகியவை விடியும்வரை ஒரே உடலாய் இயங்குவதைக் கேட்கலாம். புங்கனூரில் 1898இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. பல தாளக் கருவிகள் சூழப் பாடும் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிக்குப் புகழ்பெற்றவர் அவர். மதராஸ் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் தேவாலயத்தில் கற்றவர், தெருவில் கற்றவர், சபாவில் கற்றவர் அனைவரும் ஒரே சுரத்தாளைப் பார்த்து வாசித்தனர். தன்ராஜ் மாஸ்டர் போன்ற ஆசிரியர்களின் சிறு அறைகளே அவர்களுக்குப் பள்ளியாக விளங்கின. தமிழுலகம் கண்ட மிகப்பெரிய இசைக்குழு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

ஈழத்திலிருந்து ஒரு முன்மாதிரியையும் சுட்ட வேண்டும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறை, பேராசிரியர் சி. மௌனகுரு முதலியோரின் முயற்சியால் 'இன்னியம்' என்னும் குழுவை உருவாக்கியது. விழா ஊர்வலங்களில் மேலை பேண்டு நின்ற இடத்தில் பறையும் மத்தளமும் உள்ளிட்ட கூத்துக் கருவிகளுடன் மாணவர்கள் அணிவகுத்தனர். அங்கே நிகழ்ந்தது கருவி மாற்றம் மட்டுமன்று. சாவீட்டு முற்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த பறையைப் பல்கலைக்கழக மாணவர், சாதி கேளாமல், தோளில் ஏற்றிக்கொண்டனர்.

8

மீண்டும் அந்தத் தேர்வுக் காட்சிக்கு வருகிறேன். திரைக்குப் பின்னால் ஒருவர் வாசிக்கிறார். கேட்பவர்கள் ஒலியைக்கொண்டு மட்டும் முடிவு செய்கிறார்கள். அதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கங்காதர நெல்லூர் ஊர்வலத்தில் யூஃபோனியம் ஊதியவரின் நினைவு வந்தது. அவரை எந்தத் திரைக்கும் பின்னால் எவரும் அமர்த்திக் கேட்டதில்லை. அவர் வாசிப்பு நல்லதா, சுமாரானதா என்னும் தீர்ப்புக்கே அவர் உரியவராகக் கருதப்படவில்லை. தோற்பதற்குக்கூட ஒரு தேர்வில் அனுமதி வேண்டும். குமிக்கோவுக்கு அது இருந்தது.

இன்று சில ராணுவ, மிஷன், தனியார் பள்ளிகளில் பேண்டு உண்டு. தேசிய அளவில் பள்ளி பேண்டுப் போட்டியும் நடத்தப்படுகிறது. அவை பெரிதும் அணிவகுப்புக்கான குழுக்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் மாலை நான்கு மணிக்குமேல் ஒரு குழந்தை கருவியை எடுத்து அமர்வதற்கான அறை நம்மிடம் இல்லை. ஆனால் கற்பிக்கக்கூடியவர் அதே ஊரில் இருக்கிறார். முகூர்த்தமில்லாத மாதங்களில் அவர் கட்டட வேலைக்கோ மாந்தோப்புக்கோ கூலிக்குச் செல்கிறார். ஒலிபெருக்கி வண்டிகளும் டிஜேக்களும் வந்தபின் முகூர்த்த மாதங்களிலும் அவருக்கு அழைப்புக் குறைந்துவிட்டது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தஞ்சை அரண்மனையின் சுரத்தாள்கள் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. நம் ஊர் பேண்டு மாஸ்டர்களின் நோட்டுப் புத்தகங்கள், கணக்குச் சீட்டுகள், குழுப் புகைப்படங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. எவரிடம் கற்றார், கருவி எங்கே வாங்கினார், முதல் அணியில் யார் யார் இருந்தனர், எந்தத் தெருவுக்குள் வாசிக்க மறுக்கப்பட்டனர், எந்தப் பாட்டை எப்படிப் பிரித்துக் கொடுத்தார் என்பதையெல்லாம் அவர்கள் வாயால் பதிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது. அதிகக் காலம் இல்லை. சித்தூர், திருப்பதி, திருத்தணி, வேலூர்ப் பகுதிகளில் ஆய்வு செய்வோர் தமிழ், தெலுங்கு இரண்டிலும் கேட்க வேண்டும். அவர்களுள் பலர் இரண்டிலும் பேசுவர்.

கேட்கப் போகும்போது, முதலில் அவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.